கட்டுவோரும் கட்டுவிப்போரும்



பட்டமளிப்பு மேடையில் பேச வருகிறவர்கள் தேசத்தின் எதிர்காலம், விஞ்ஞானத்தின் வளர்ச்சி, இளைஞர் சமுதாயத்தின் கடமை என்று விரிந்த விஷயங்களை எடுத்துக்கொள்வது சம்பிரதாயம். அந்தச் சம்பிரதாயத்தை நான் மதிக்கிறேன். ஆயினும், இன்னும் சில மாதங்களில் ஏதேனும் ஒரு மாநகராட்சியிலோ திட்டக் குழுமத்திலோ பதிவு பெற்று, வரைபடத்தின் கீழ்மூலையில் கையொப்பமிடும் உரிமையை அடையப்போகிற கட்டடப் பொறியியல், கட்டடக்கலை மாணவ மாணவியராகிய உங்களிடம், அந்தக் கையொப்பத்தோடு கூடவே வந்து சேரும் சட்டப் பொறுப்பைப் பற்றியும், உங்களைக் காட்டிலும் அதிகப் பொறுப்புடையவராக இருந்தும் அதை அறியாமலே காலம் கழித்துவிடுகிற கட்டட உரிமையாளரைப் பற்றியும் பேசுவதுதான் இந்த நாளுக்கு உகந்தது என்று கருதுகிறேன்.

சென்னைக்கு மேற்கே, போரூருக்கு அருகில் உள்ள மௌலிவாக்கத்தில், 2014-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 28-ஆம் நாள் மாலை மழை பெய்துகொண்டிருந்தபோது, கட்டி முடியும் தறுவாயில் இருந்த 11 மாடிக் கட்டடம் ஒன்று சரிந்து மண்ணோடு மண்ணாயிற்று. 61 பேர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் தமிழகத்தின் உள்மாவட்டங்களிலிருந்தும் கூலி வேலைக்கு வந்தவர்கள். மழைக்கு ஒதுங்கியும், கூலி வாங்கக் காத்திருந்தும் அந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நின்றவர்கள் பலர், தாங்கள் கட்டிய சுவர்களின் கீழேயே பிராணனை விட்டார்கள். அரசாங்கம் நீதிபதி ரகுபதி அவர்களைக் கொண்டு விசாரணைக் கமிஷன் அமைத்தது. அதே மனையில் அதே கையால் எழும்பிய இரண்டாவது கட்டடம் இரண்டு ஆண்டு காலம் ஆளில்லாமல் நின்று, 2016 நவம்பர் 2-ஆம் நாள் வெடிமருந்து வைத்துத் தகர்க்கப்பட்டது.

இந்தத் துயரத்தில் நீங்கள் கூர்ந்து நோக்க வேண்டிய அம்சம் ஒன்று உண்டு. அது யாருக்கும் தெரியாமல் இரவோடு இரவாக எழுப்பிய கட்டடம் அன்று. திட்ட அனுமதி பெற்றது; வரைபடத்தில் முத்திரை விழுந்தது; கட்ட வேண்டிய கட்டணங்கள் கட்டப்பட்டன. அனுமதிக் கடிதம் கையில் வந்துவிட்டால் சட்டத்துக்குச் செய்ய வேண்டியதெல்லாம் செய்தாயிற்று என்று நம் ஊரில் கட்டுவோரும் கட்டுவிப்போரும் ஒருசேர நம்பிவருகிறார்களே, அந்த நம்பிக்கையின்மேல்தான் அந்தக் கட்டடம் விழுந்தது.

அனுமதி வழங்கும் அலுவலகம் எதைப் பார்க்கிறது? நிலம் எந்த உபயோகத்துக்கு ஒதுக்கப்பட்டது, எதிரே உள்ள சாலையின் அகலம் என்ன, பக்கங்களில் எவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள், உயரம் எவ்வளவு, மனையின் பரப்புக்குத் தளப்பரப்பு எத்தனை மடங்கு, வாகனம் நிறுத்த இடம் உண்டா என்பவற்றைப் பார்க்கிறது. மண்ணின் தாங்குதிறனைச் சோதித்தவர் இன்னார், தூண்களின் கணக்கைப் போட்டவர் இன்னார், தளத்தில் நின்று வேலையை மேற்பார்வையிடப்போகிறவர் இன்னார் என்று கையொப்பமிட்ட சான்றுகளை வாங்கிக் கோப்பில் சேர்க்கிறது. தூணுக்குள் எத்தனை கம்பி போயிற்று என்பதை அந்தக் கோப்பு அறியாது. அதை அறிந்தவர்கள் சிலரே; அந்தச் சிலரைத்தான் சட்டம் பெயர் சொல்லிக் கட்டிப்போட்டிருக்கிறது.

1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தையும் உள்ளாட்சிச் சட்டங்களையும் அடிப்படையாகக் கொண்டு, அதுவரை ஊருக்கு ஒன்றாக இருந்த விதிகளை ஒன்றுசேர்த்து, 2019 பிப்ரவரியில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் நடைமுறைக்கு வந்தன. மனை உரிமையாளர், வளர்ச்சியாளர், கட்டடக்கலைஞர், கட்டமைப்புப் பொறியாளர், மண்தொழில்நுட்பப் பொறியாளர், கட்டுமானப் பொறியாளர், தரத் தணிக்கையாளர் என்று ஒவ்வொருவருக்கும் அந்த விதிகள் தனித்தனியே பொறுப்பு வகுத்திருக்கின்றன. இந்தப் பட்டியலில் முதல் பெயர் யாருடையது என்று பாருங்கள். பணம் போடுகிறவருடையது.

நம் நாட்டில் வீடு கட்டுகிறவர் எப்படி நினைக்கிறார்? ‘நான் படிக்காதவன், என்ஜினீயரிடம் ஒப்படைத்துவிட்டேன், மேஸ்திரி பார்த்துக்கொள்வார்’ என்று நினைக்கிறார். வேலையை ஒப்படைக்கலாம், பொறுப்பை ஒப்படைக்க முடியாது என்பதுதான் சட்டத்தின் நிலை. அனுமதி கேட்டு விண்ணப்பித்தவர் அவர். வரைபடத்துக்கு மாறாகக் கட்டினால் முதலில் அறிவிக்கை வருவது அவர் பெயருக்கு. முத்திரையிட்டுப் பூட்டுவது அவர் வாசலை. தகுதியுள்ள ஆளை நியமிப்பதும், அவர் கேட்கிற மண் சோதனைக்கும் கான்கிரீட் சோதனைக்கும் பணம் ஒதுக்குவதும், வேலை நடக்கும் காலம் முழுவதும் அவரை வேலையில் வைத்திருப்பதும் உரிமையாளரின் கடமை. திட்ட அனுமதியின் நிபந்தனைகளில் ஒன்றை நீங்கள் ஒவ்வொருவரும் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். நியமித்த கட்டடக்கலைஞரோ பொறியாளரோ இடையில் விலகினால், அல்லது விலக்கப்பட்டால், அதை உடனே அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அவருக்குப் பதிலாக வேறொருவர் பொறுப்பேற்கும்வரை வேலை நிற்க வேண்டும். பொறியாளர் இல்லாமல் ஒரு நாள்கூட வேலை நடக்கக் கூடாது என்று இவ்வளவு தெளிவாக எழுதியிருந்தும், அனுமதிக் கடிதம் வந்த மறுநாளே பொறியாளரை மறந்துவிட்ட கட்டடங்கள் நம் தெருக்களில் எத்தனை நிற்கின்றன!

இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். சிமெண்டும் கம்பியும் ஜல்லியும் உரிமையாளரே வாங்கிக் கொடுத்து, கூலியை மட்டும் சதுர அடிக்கு இவ்வளவு என்று மேஸ்திரியிடம் பேசிக்கொள்ளும் ‘லேபர் கான்ட்ராக்ட்’ முறையில்தான் சிறு நகரங்களில் பெரும்பாலான வீடுகள் எழும்புகின்றன. இதில் கட்டுபவர் யார், கட்டுவிப்பவர் யார்? மேஸ்திரி எந்தப் பதிவேட்டிலும் இல்லாதவர். ஆகவே இரண்டு பொறுப்பும் உரிமையாளரின் தோளிலேயே ஏறுகின்றன. பில்டருக்குப் போகிற லாபத்தை மிச்சம் பிடித்ததாக அவர் சந்தோஷப்படுகிறார். அந்த லாபத்தோடு அவர் ஏற்றுக்கொண்ட கடமையை அவருக்கு எடுத்துச் சொல்வார் யாரும் இல்லை. சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்.

என்னிடம் பயிற்சி பெற்று, பின்னர் ஒரு சிறு நகரத்தில் தனியே தொழில் செய்யத் தொடங்கிய பெண் பொறியாளர் ஒருவரின் அனுபவத்தை இங்கே சொல்கிறேன். நடுவில் தூண் வராமல் அகலமான கூடம் வேண்டும் என்று உரிமையாளர் கேட்க, அதற்கேற்பக் கணக்குப் போட்டு, உத்திரத்தின் கனத்தையும் கம்பியையும் நிர்ணயித்துக் கொடுத்திருந்தார் அவர். மழையால் தளம் போடும் நாள் தள்ளிப்போயிற்று. கிருகப்பிரவேசமோ ஆவணி மாத முகூர்த்தத்தில் நிச்சயமாகி, பத்திரிகையும் அச்சாகிவிட்டது. தளம் போட்ட ஒன்பதாம் நாள் காலையில் சவுக்கு முட்டுகளையும் சென்ட்ரிங் பலகைகளையும் பிரிக்க ஆட்கள் வந்துவிட்டார்கள் என்ற செய்தி அவருக்கு எட்டியது. நான்கரை மீட்டருக்கு மேற்பட்ட அகலமுள்ள தளத்தின் முட்டு 14 நாள் நிற்க வேண்டும், ஆறு மீட்டருக்கு மேற்பட்ட உத்திரத்தின் முட்டு 21 நாள் நிற்க வேண்டும் என்று ஐ.எஸ். 456 தர விதி சொல்வதை நீங்கள் பரீட்சைக்குப் படித்திருப்பீர்கள். அவர் உடனே மனைக்குப் போனார்.

“வெயில் நல்லா காயுதும்மா, கட்டிப்போச்சு” என்றார் மேஸ்திரி. உரிமையாளர் கோபமாகவே கேட்டார்: “ஏம்மா, பணம் போடுறது நான், குடியிருக்கப்போறது நான். உனக்கென்னம்மா இதுல?”

“ஐயா, கம்பி இத்தனை, கனம் இத்தனைன்னு நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். முட்டுப் பிரிக்கிற நாளும் அந்தக் கணக்குல சேர்ந்ததுதான். இன்னைக்குப் பிரிச்சீங்கன்னா, இந்த வேலையில நான் இல்லைன்னு இன்னைக்கே ஆபீசுக்கு எழுதிடுவேன். அப்புறம் வேற ஆள் வர்ற வரைக்கும் வேலை நிக்கும்” என்றார் அவர். சொன்னதோடு நிற்காமல், மனையில் வைத்திருந்த பணிப் பதிவேட்டில் தேதியிட்டு அதையே எழுதி, உரிமையாளரிடம் ஒப்பம் கேட்டார்.

ஒப்பம் கேட்டதுதான் காரியத்தைச் சாதித்தது. வாய்ச்சொல்லாக இருந்தவரை அது ஒரு சின்னப் பெண்ணின் பிடிவாதமாகத் தோன்றியிருக்கும். எழுத்தில் வந்தவுடன், கீழே தம் பெயரைப் போட்டால் அந்த முடிவு தம்முடையதாகிவிடும் என்பது அவருக்கு விளங்கிவிட்டது. முட்டு நின்றது. புரட்டாசி குறுக்கே வந்தபடியால் கிருகப்பிரவேசம் ஐப்பசிக்குத் தள்ளிப்போயிற்று. பஞ்சாங்கத்தைப் பார்ப்பதில் தவறு இல்லை. முகூர்த்தத்தைக் குறிப்பதற்கு முன்னால் பொறியாளரையும் ஒரு வார்த்தை கேட்பது கட்டுவிப்பவரின் கடமை. அவசரப்படுத்தாமல் இருப்பதும், போதிய காலத்தைக் கொடுப்பதும் பணம் கொடுப்பதற்குச் சமமான கடமை என்று நான் அடித்துச் சொல்வேன்.

இனி, விற்பதற்காகக் கட்டுகிறவர்களைப் பற்றி. 2016-ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம் வருவதற்கு முன்னால், அடுக்குமாடி வீடு வாங்குகிறவர் பெரும்பாலும் பில்டரின் நல்லெண்ணத்தை நம்பியே பணத்தைக் கொடுத்தார். அந்தச் சட்டம் பில்டரின் கைகளை நான்கு இடங்களில் பிடித்தது. விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்வதற்கு முன்னால் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. வீடு வாங்குகிறவர்களிடம் வசூலித்த பணத்தில் 70 சதவீதம் அந்தத் திட்டத்துக்கென்றே தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற வரைபடத்தையும் பொதுப் பகுதிகளையும் மாற்ற வேண்டுமானால், வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் எழுத்துமூலமான சம்மதம் வேண்டும். வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ வேலைப்பாட்டிலோ குறை தெரிவிக்கப்பட்டால், கூடுதல் பணம் கேட்காமல் 30 நாளுக்குள் சரிசெய்து தர வேண்டும். இவற்றுள் இந்த ஐந்தாண்டுப் பொறுப்பையே நான் எல்லாவற்றிலும் உயர்ந்ததாக மதிக்கிறேன். பூச்சு வேலை மறைத்த பிழையை ஐந்து மழைக்காலங்கள் வெளியே கொண்டுவந்துவிடும்.

சம்மதம் கேட்காமல் வரைபடத்தை மாற்றினால் என்ன ஆகும் என்பதை நொய்டா நகரம் பார்த்தது. முதலில் வீடு வாங்கியவர்களுக்குத் தோட்டம் என்று காட்டிய இடத்தில் இரண்டு கோபுரங்கள் எழும்பின. பக்கத்துக் கட்டடத்துக்கும் அவற்றுக்கும் இடையே விதிப்படி விட வேண்டிய தூரமும் விடப்படவில்லை. குடியிருப்போர் சங்கத்தார் பணபலமுள்ள எதிராளியோடு ஆண்டுக்கணக்கில் வழக்காடினார்கள். 2021 ஆகஸ்ட் 31-ஆம் நாள் உச்ச நீதிமன்றம், அனுமதி அளித்த அதிகாரிகளின் உடந்தையையும் கண்டித்து, இரண்டையும் இடிக்கச் சொல்லிற்று. மறு ஆண்டு ஆகஸ்ட் 28-ஆம் நாள், சுமார் 100 மீட்டர் உயரமுள்ள அந்தக் கோபுரங்கள் சில விநாடிகளில் புழுதியாயின. அவற்றுக்கும் முத்திரையிட்ட வரைபடம் இருந்தது என்பதை மறவாதீர்கள்.

கூலியாட்களைப் பற்றிச் சட்டம் பேசுவதை நம்மவர்கள் அதிகமாகக் காதில் வாங்குவதில்லை. 1996-ஆம் ஆண்டில் கட்டுமானத் தொழிலாளர்களுக்கென்று பாராளுமன்றம் இயற்றிய சட்டம், சாரம், குழி, மின்சாரம், உயரத்தில் வேலை ஆகியவற்றில் பாதுகாப்புக்கு வேலை கொடுப்பவரையே பொறுப்பாளியாக்கிற்று. அதனோடு வந்த துணைச் சட்டம் கட்டுமானச் செலவில் ஒரு சதவீதத்தை நல நிதிக்கு வசூலிக்க வழி செய்தது. அந்த ஒரு சதவீதத்தைக் கட்டிய ரசீதைக் காட்டி, ‘நான் என் கடமையை முடித்துவிட்டேன்’ என்று சொல்லும் உரிமையாளரை நீங்கள் நாளைக்கே சந்திப்பீர்கள். தலைக்கவசமும் இடுப்புப் பட்டையும் அந்த ரசீதில் அடங்கவில்லை என்று அவருக்குச் சொல்லுங்கள்.

கட்டி முடித்த பின்னும் கடமை முடிவதில்லை. 2004 ஜூலை 16-ஆம் நாள் கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கூரைக் கொட்டகையில் பற்றிய தீ 94 குழந்தைகளின் உயிரைக் குடித்தது. பொதுக் கட்டடங்களுக்கு உரிமம் வேண்டும் என்ற சட்டம் நம் மாநிலத்தில் 1965-ஆம் ஆண்டு முதலே இருந்துவருகிறது. அப்படியிருந்தும், அந்த ஒடுங்கிய படிக்கட்டுள்ள கட்டடத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் நாள்தோறும் ஏறி இறங்கினார்கள். அங்கே தூண் சரியவில்லை, சுவர் சாயவில்லை. ஒரு கட்டடத்தை எந்த உபயோகத்துக்கு, எத்தனை பேருக்கு, எந்த வழியோடு வைத்திருப்பது என்ற உரிமையாளரின் கடமைதான் அங்கே தவறியது. ஆகவே தீயணைப்புத் துறையின் சான்றையும் வெளியேறும் வழியையும் ஒரு சடங்காக நினைப்பவரிடம் வேலை செய்ய நேர்ந்தால், அந்தக் குழந்தைகளின் நினைவு உங்களுக்குத் துணிவு தர வேண்டும்.

சட்டத்தின் பக்கத்திலும் குற்றம் உண்டு என்று சொல்லாவிட்டால் நான் நேர்மையாகப் பேசினவன் ஆகமாட்டேன். நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, 1999 பிப்ரவரி 28-க்கு முன் விதிமீறிக் கட்டிய கட்டடங்களைப் பணம் கட்டினால் வரன்முறைப்படுத்தலாம் என்று அரசாங்கம் வழி திறந்தது. ஒரு முறைக்கு மட்டும் என்றே அது சொல்லப்பட்டது. பின்னர் வேறொரு பிரிவும் வேறொரு தேதியும் வந்தன. விதியைப் பின்பற்றிப் பக்கங்களில் இடம் விட்டவர் இடத்தை இழந்தார். விடாதவர் இடத்தோடு அனுமதியையும் பெற்றார். இத்தகைய மன்னிப்புத் திட்டங்கள் நேர்மையாளருக்கு விதிக்கும் அபராதம் என்பது என் அபிப்பிராயம். எத்தனை விதிகளைத் திருத்தி எழுதினாலும், மன்னிப்பு வரும் என்ற எதிர்பார்ப்பு உள்ளவரை அவை ஏட்டிலேயே உறங்கும்.

நல்ல வேளையாக, நீதிமன்றங்கள் இப்போது வேறு திசையில் நடக்கின்றன. 2024 டிசம்பர் 17-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் சில கட்டளைகளைப் பிறப்பித்தது. அங்கீகரித்த வரைபடத்தின் பிரதியை வேலை முடியும்வரை மனையிலேயே காட்சிக்கு வைக்க வேண்டும். அதிகாரிகள் அவ்வப்போது நேரில் வந்து பார்த்துக் குறிப்பெழுத வேண்டும். பணி நிறைவுச் சான்று பெறாமல் வீட்டை ஒப்படைக்கக் கூடாது. மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் இணைப்புகளை அந்தச் சான்றைப் பார்த்த பிறகே கொடுக்க வேண்டும். வங்கிகளும் சான்றைச் சரிபார்த்த பிறகே கட்டடத்தின்பேரில் கடன் தர வேண்டும். வரைபடத்தை மனையில் தொங்கவிடும் கட்டளையை நான் மிகவும் கொண்டாடுகிறேன். தெருவில் போகிற பள்ளி ஆசிரியரும் அண்டை வீட்டுக்காரரும் ‘இங்கே மூன்று மாடி என்றல்லவா போட்டிருக்கிறது, நான்காவது எழும்புகிறதே’ என்று கேட்க முடியுமானால், ஆயிரம் ஆய்வாளர்களை நியமித்ததற்கு அது சமானம்.

பட்டதாரிகளே, உங்களுக்கு வரப்போகிற சோதனையையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். ‘இடத்துக்கு வர வேண்டாம், கையெழுத்து மட்டும் போடுங்கள், ஒரு வரைபடத்துக்கு இவ்வளவு’ என்று யாரோ ஒருவர் உங்களிடம் வருவார். தொழில் தொடங்கிய முதல் ஆண்டில், வாடகை கொடுக்க வேண்டிய மாதத்தில் வருவார். அந்தப் பணம் சிறிது. அது வாங்கும் வஸ்து பெரிது. கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றத்துக்குப் பாரதிய நியாய சன்ஹிதையின் 106-ஆம் பிரிவு ஐந்து ஆண்டுவரை சிறை விதிக்கிறது. விசாரணை அதிகாரி முதலில் பிரிப்பது உங்கள் கையொப்பம் உள்ள கோப்பைத்தான். தண்டனைக்கு அஞ்சி நடக்கச் சொல்லவில்லை. அந்தக் கையொப்பத்தை நம்பி ஒரு குடும்பம் தூங்குகிறது என்பதற்காகச் சொல்கிறேன். தளம் போடும் நாளில், மெஷினுக்குப் பூசை போட்டு எலுமிச்சம்பழம் நசுக்கும் அந்த வேளைக்கு முன்னால், தூணின் ரிங் கம்பிகள் வரைபடத்தில் உள்ள இடைவெளியில் இருக்கின்றனவா, அவற்றின் வாய் 135 பாகையில் உள்ளே மடங்கியிருக்கிறதா, கவர் பிளாக் நழுவாமல் நிற்கிறதா என்று குனிந்து பாருங்கள். கலவை இளகவில்லை என்று கூடுதல் தண்ணீர் ஊற்றுகிறவரைத் தடுங்கள். 150 மில்லிமீட்டர்க் கனசதுர அச்சுகளில் மாதிரி எடுத்து, 28-ஆம் நாள் நசுக்கிப் பார்த்த முடிவைக் கோப்பில் வையுங்கள். சொன்னது எதுவானாலும் எழுத்தில் சொல்லுங்கள்.

பெற்றோர்களே, உங்களிடமும் ஒரு விண்ணப்பம். உங்களில் பலர் இனிமேல்தான் வீடு கட்டப்போகிறீர்கள். சிலருக்கு அஸ்திவாரம் போட்டாயிற்று. இன்று நீங்கள் கைதட்டி வாழ்த்தும் இந்தப் பிள்ளைகளைப்போன்ற ஒருவர்தான் உங்கள் மனைக்கும் பொறியாளராக வருவார். அவருக்கு வரைபடக் கூலியோடு மேற்பார்வைக் கூலியையும் கொடுங்கள். விட வேண்டிய இடத்தை விட்டுக் கட்டுங்கள். அனுமதியில் இல்லாத ஓர் அறையைக் கேட்டு அவரைச் சங்கடப்படுத்தாதீர்கள். பணி நிறைவுச் சான்று தேவைப்படும் கட்டடமானால், அதை வாங்கிய பிறகு பால் காய்ச்சுங்கள். அந்தக் கட்டடத்தின் உரிமையாளர் என்று சட்டத்தின் முன் நிற்கப்போகிறவர் நீங்கள்.